தாய்லாந்து ஒரு ராத்திரியில் விழுந்ததா, ஒன்றரை வருஷமாக விழுந்துகொண்டிருந்ததா?

#1 நடைவண்டி

பாங்காக்குக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. தினமும் வெற்றிச் சின்னம் இருக்கும் ரவுண்டானாவைத் தாண்டித்தான் அலுவலகம் போகிறேன். அனுசாவரி சாய் என்பார்கள். ஐந்து துப்பாக்கிமுனைக் கத்திகளைச் சேர்த்து நட்டது போல ஒரு தூண், அடியில் படைவீரர் சிலைகள். பக்கத்துச் சந்தில் கைக்குள் அடங்கும் சின்னக் கிண்ணத்தில் படகு நூடுல்ஸ் விற்பார்கள். பத்துக் கிண்ணம் சாப்பிட்டால்தான் வயிறு நிறையும்.

போன வாரம் அங்கே உட்கார்ந்திருக்கும்போது கூட வேலை செய்யும் தாய்லாந்து நண்பரிடம், "இது யாரை ஜெயித்த வெற்றி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிரான்ஸை" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1940 கடைசியிலிருந்து 1941 ஜனவரி வரை பிரெஞ்சு இந்தோசீனாவோடு (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) நடந்த எல்லைச் சண்டைக்கான சின்னம் அது. அடிக்கல் நாட்டியது 1941 ஜூன் 24. திறந்தது சரியாக ஒரு வருஷம் கழித்து. இடைப்பட்ட அந்த ஒரு வருஷத்துக்குள் ஜப்பானியப் படை நாட்டுக்குள் வந்துவிட்டது, தாய்லாந்து பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தும் விட்டது. வெற்றிச் சின்னத்தைத் திறந்த அன்று ஊரெல்லாம் ஜப்பான் சிப்பாய்கள்.

பள்ளிப் புத்தகத்தில் இதற்கு ஒரே வரிதான்: "1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் நடுநிலை நாடான தாய்லாந்தை ஆக்கிரமித்தது." எனக்கு அந்த வரி போதவில்லை. தாய்லாந்து அந்த ஒரு ராத்திரியில் விழவில்லை, அதற்கு முந்தைய ஒன்றரை வருஷமாக விழுந்துகொண்டே இருந்தது என்பது என் கட்சி. 1940 ஜூன் 12 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான் மூன்றோடும் ஒரே நாளில் ஒப்பந்தம் போட்ட நாடு இது. எவனோடும் சண்டை இல்லை, எல்லோரும் நண்பர்கள் என்று கணக்கு. பத்து நாளில் பிரான்ஸ் ஹிட்லரிடம் சரணடைந்தது. உடனே பிரதமர் பிபூன் சொங்க்ராமுக்கு, பிரான்ஸிடம் பறிகொடுத்த பழைய நிலமெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நடுநிலை ஆட்டம் கண்டது அங்கேதான்.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

#2 பழையபேப்பர்

நல்ல இழை. ஆனால் ஒன்றரை வருஷம் என்பதும் குறைவு. இன்னும் ஏழெட்டு வருஷம் பின்னால் போங்கள்.

1931 செப்டம்பரில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் ஜப்பானின் குவாங்துங் படை தானே ரயில் பாதையில் குண்டு வைத்துவிட்டுப் பழியைச் சீனர்கள் மேல் போட்டு ஊரைப் பிடித்தது. அதை விசாரித்த லிட்டன் குழுவின் அறிக்கை 1933 பிப்ரவரியில் ஜெனீவாவில் நாடுகள் சங்கத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரித்தவை 42 நாடுகள். எதிர்த்தது ஜப்பான் மட்டும். வாக்களிக்காமல் ஒதுங்கியது ஒரே ஒரு நாடு, சயாம். தாய்லாந்தின் அன்றைய பெயர். அந்தக் காலத்தில் டோக்கியோ பத்திரிகைகள் சயாமை எப்படிக் கொஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சயாம்காரர்கள் கேட்டால் "நாங்கள் யார் பக்கமும் இல்லை என்பதால்தான் ஒதுங்கினோம்" என்பார்கள். அது நியாயமும்கூட. ஆனால் நடுத்தெருவில் ஒருவன் அடுத்தவனை அடிக்கும்போது நான் எந்தப் பக்கமும் இல்லை என்று சொன்னால், அடிக்கிறவன் அதை எப்படி எடுத்துக்கொள்வான்?

#3 வரைபடப்பித்தன்

இரண்டு பேரும் ஒழுக்கக் கணக்கு போடுகிறீர்கள். நான் வரைபடத்தை விரிக்கிறேன்.

ஜப்பானுக்கு வேண்டியிருந்தது தாய்லாந்து இல்லை. சிங்கப்பூரும் அதற்கு அப்பால் இருந்த டச்சு இந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) எண்ணெயும்தான். 1941 ஜூலையில் தெற்கு இந்தோசீனாவுக்குள் படை இறங்கியதும் அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கி எண்ணெயை நிறுத்தியது. கையிருப்பு கரைவதற்குள் எண்ணெய்க் கிணறுகளைப் பிடித்தாக வேண்டும். சிங்கப்பூருக்குக் கடல்வழியாக நேரே போனால் கோட்டைப் பீரங்கி. எனவே வடக்கிலிருந்து தரைவழியாக வர வேண்டும். அதற்கு வாகான துறைமுகமும் விமானத்தளமும் எங்கே இருந்தன? சொங்க்லாவிலும் பட்டானியிலும். இரண்டும் தாய்லாந்து மண். பர்மாவுக்குப் போகவும் தாய்லாந்து வழிதான்.

பிபூன் இடத்தில் புத்தரே பிரதமராக இருந்திருந்தாலும் ஜப்பான் தளபதி யமஷிடா சொங்க்லாவில்தான் இறங்கியிருப்பார்.

இன்னொரு வேடிக்கை. பிரிட்டிஷ்காரர்களுக்கும் இதே வரைபடம் கையில் இருந்தது. ஜப்பான் வருவதற்கு முன் தாங்களே எல்லை தாண்டி சொங்க்லாவைப் பிடித்துவிடுவது என்று மடடோர் என்ற பெயரில் திட்டம் வைத்திருந்தார்கள். டிசம்பர் 5 அன்று லண்டன் அரசு, சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் தளபதி புரூக்-பாபமுக்கு அனுமதியும் கொடுத்துவிட்டது. மறுநாள் ஜப்பான் கப்பல் கூட்டத்தை விமானத்திலிருந்து பார்த்தும் விட்டார்கள். ஆனாலும் அவர் கை நடுங்கியது. நடுநிலை நாட்டுக்குள் முதலில் கால் வைத்தவர் நாம்தான் என்று ஆகிவிட்டால் அமெரிக்கா என்ன சொல்லும்? ஜப்பான் முதல் அடி அடிப்பதற்கு முன் ஒரு அங்குலம்கூட உள்ளே வராதீர்கள் என்று பாங்காக்கிலிருந்த பிரிட்டிஷ் தூதர் கிராஸ்பியும் கெஞ்சிக்கொண்டிருந்தார். மலாயா எல்லைப்பக்கம் ஜித்ராவில் பிரிட்டனின் இந்தியப் படைப்பிரிவு மழையில் நனைந்துகொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தது. வந்தது ரத்து உத்தரவுதான்.

ஆக, அந்த நடுநிலையைக் கடைசிவரை மதித்தது பிரிட்டன். அதனால் லாபம் அடைந்தது ஜப்பான்.

#4 சும்மா_ஒருத்தன்

"புத்தரே பிரதமராக இருந்திருந்தாலும்"... தாய்லாந்துக்காரர் யாரும் இந்த இழையைப் படிக்காமல் இருக்கட்டும். 😀

#5 நடைவண்டி

@வரைபடப்பித்தன், வரைபடம் சரி. ஜப்பான் வந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் படை நாட்டுக்குள் நுழைவது வேறு, அந்தப் படையோடு சேர்ந்து போர் அறிவிப்பது வேறு. டென்மார்க்கையும்தான் ஜெர்மனி பிடித்தது. டென்மார்க் பிரிட்டன் மேல் போர் அறிவிக்கவில்லையே.

அந்த ராத்திரியைப் பாருங்கள். டிசம்பர் 7, பாங்காக்கில் இரவு பத்தரை மணி வாக்கில் ஜப்பான் தூதர் சுபோகாமி கோரிக்கையோடு வருகிறார். படை கடந்துபோக வழி விடு, இல்லாவிட்டால் வழியை நாங்களே எடுத்துக்கொள்வோம். முடிவு சொல்ல வேண்டிய பிபூன் ஊரிலேயே இல்லை. கிழக்கே, புதிதாகக் கிடைத்த எல்லைப் பக்கம் சுற்றுப்பயணம் போயிருக்கிறார். அவரில்லாமல் யாருக்கும் கையெழுத்திடத் தைரியம் இல்லை. அந்நியன் நுழைந்தால் கடைசி ஆள் வரை எதிர்க்க வேண்டும் என்று செப்டம்பரில்தான் சட்டம் போட்டிருந்தார்கள். வெளியுறவு அமைச்சர் டிரெக் ஜயநாம தூதரை உட்கார வைத்துச் சமாளிக்கிறார். தூதர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விடிவதற்குள் சொங்க்லா, பட்டானி, நக்கோன் சி தம்மராட், சூராட் தானி, சும்போன், பிரச்சுவாப் என்று வரிசையாகக் கப்பல்கள்.

காலையில் பிபூன் வந்து சேர்ந்து, ஏழரை மணி வாக்கில் சண்டையை நிறுத்தச் சொல்கிறார். அதற்குள் செத்தவர்கள் செத்தாயிற்று. சும்போனில் பள்ளிக்கூடப் பையன்கள் இளைஞர் படைச் சீருடையோடு பாலத்தடியில் நின்று சுட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் இன்று துப்பாக்கி ஏந்திய ஒரு பையனின் சிலை நிற்கிறது.

பிரச்சுவாப் விமானத்தளத்துக்கு நான் போயிருக்கிறேன். ஆவ் மனாவ் என்று அழகான வளைகுடா. விமானப்படை முகாமுக்கு உள்ளேயே கடற்கரை, வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகலாம். ஜப்பானியர்கள் ஊருக்குள் தந்தி நிலையத்தைப் பிடித்துவிட்டதால், சண்டையை நிறுத்து என்ற உத்தரவு அன்று அந்த முகாமுக்குப் போய்ச் சேரவே இல்லை. நாடு சரணடைந்து ஒரு நாள் முழுக்க ஆன பிறகும் அவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 9ஆம் தேதி நண்பகல் வரை. கையிலிருக்கும் கட்டடங்களுக்குத் தாங்களே தீ வைத்துவிட்டு மலைப்பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். இன்று நாம் தூரியன் ஐஸ்கிரீம் சாப்பிடும் இடம் அது.

அந்த ஆட்களைப் பார்க்கும்போது "நடுநிலை நாடு" என்ற சொல் பொய்யில்லை என்று தோன்றுகிறது. ஆனால் டிசம்பர் 21 அன்று மரகத புத்தர் கோயிலில் வைத்து ஜப்பானோடு கூட்டணிக் கையெழுத்து போட்டதைப் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை.

#6 செம்பருத்தி

ஜப்பான் பக்கத்தை யாரும் பேசவில்லை. "ஜப்பான் முடிவு செய்தது" என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். எந்த ஜப்பான்?

1931இல் மஞ்சூரியாவில் நடந்தது டோக்கியோ அமைச்சரவைக்குத் தெரியாது. களத்திலிருந்த நடுத்தர அதிகாரிகள் செய்தார்கள், அரசு பின்னால் ஓடிப்போய் ஒப்புக்கொண்டது. மறுவருஷம் மே மாதம் பிரதமர் இனுகாயை அவர் வீட்டிலேயே கடற்படை இளைஞர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுக்கு மரண தண்டனைகூட இல்லை. 1936 பிப்ரவரி 26 அன்று பனியில் ஏறத்தாழ 1,400 சிப்பாய்கள் டோக்கியோவின் நடுப்பகுதியைப் பிடித்தார்கள். அந்தக் கலகத்தை அடக்கிவிட்டார்கள், தலைவர்களைத் தூக்கிலும்... இல்லை, சுட்டுக் கொன்றார்கள். ஆனால் லாபம் ராணுவத்துக்கே. பணியிலிருக்கும் தளபதிதான் ராணுவ அமைச்சராக முடியும் என்ற பழைய விதியை அதே வருஷம் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிடிக்காத அமைச்சரவைக்கு ராணுவம் ஆள் கொடுக்காது. ஆள் இல்லாவிட்டால் அமைச்சரவை கவிழும். துப்பாக்கியே தேவையில்லை.

அப்படிப்பட்ட ஒரு அரசு 1937இல் சீனாவுக்குள் போய் மாட்டிக்கொண்டது. உள்ளே போகத் தெரிந்தவர்களுக்கு வெளியே வரத் தெரியவில்லை. சீனாவை முடிக்க இந்தோசீனா, இந்தோசீனாவால் வந்த எண்ணெய்த் தடையைத் தாண்டத் தென்கடல், தென்கடலுக்குப் போகத் தாய்லாந்து. கடன் அடைக்கக் கடன் வாங்குகிறவன் கதைதான்.

அதனால் @நடைவண்டி, பிபூன் ஏமாந்தார் என்பதைவிட, தான் பேரம் பேசுவது ஒரு அரசோடு என்று அவர் நினைத்தது தவறு என்பேன்.

#7 பழையபேப்பர்

செம்பருத்தி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கொ சாங் தீவுக் கடற்சண்டை, 1941 ஜனவரி 17. பிரெஞ்சுக் கப்பல்கள் இரண்டு மணி நேரத்துக்குள் தாய்லாந்தின் இரண்டு டார்பிடோ படகுகளையும் தோன்புரி என்ற பெரிய கப்பலையும் நாசம் செய்துவிட்டன. தோன்புரி ஜப்பானில் கட்டியது. அதன் பீரங்கிக் கூண்டை இன்றும் சமுத் பிராக்கானில் கடற்படைக் கல்லூரியில் வைத்திருக்கிறார்கள்.

தரையில் முன்னேறினாலும் கடலில் அடி வாங்கிய நேரம் அது. அப்போது "நான் நடுவில் இருந்து தீர்த்து வைக்கிறேன்" என்று ஜப்பான் வந்தது. சண்டை நிறுத்தக் கையெழுத்து எங்கே நடந்தது தெரியுமா? சைகோனில் நின்ற நடோரி என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் மேல்தளத்தில். மே 9 அன்று டோக்கியோவில் ஒப்பந்தம். பட்டாம்பாங், சியெம் ரியப்பின் ஒரு பகுதி, மேகாங்குக்கு மேற்கே லாவோஸ் நிலம் எல்லாம் தாய்லாந்துக்கு. அங்கோர் கோயில் மட்டும் பிரான்ஸிடமே நின்றது.

போர்க்கப்பலில் பஞ்சாயத்து வைக்கிறவன் கூலி வாங்காமல் போவானா? நடைவண்டி தினமும் பார்க்கும் தூண் அந்தப் பஞ்சாயத்தின் ரசீது. முதல் பதிவை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

#8 வரைபடப்பித்தன்

டென்மார்க் ஒப்பீடு நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், முக்கால்வாசி. மீதிக் கால்வாசி இது: 1942 ஜனவரி முதல் வாரத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் பாங்காக் மேல் குண்டு போடத் தொடங்கிவிட்டன. ஜனவரி 25இல் தாய்லாந்து போர் அறிவித்ததற்குச் சொன்ன காரணம் அதுதான். அப்போது மலாயா முழுக்கக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஜெயிக்கிறவன் பக்கம் நின்றால் சமாதான மேசையில் நாற்காலி கிடைக்கும் என்று பிபூன் நினைத்தார். முதல் உலகப் போரில் சயாம் அதைத்தான் செய்தது, 1917இல் நேச நாடுகள் பக்கம் சேர்ந்து வெர்சேயில் நாற்காலி வாங்கியது. பழைய வித்தை.

#9 கடலோரக்கதை

அந்தப் போர் அறிவிப்பை வாஷிங்டனில் இருந்த தூதர் செனி பிரமோஜ் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு கொடுக்க மறுத்துவிட்டார் என்று படித்திருக்கிறேன். அதனால்தான் அமெரிக்கா தாய்லாந்து மேல் போர் அறிவிக்கவில்லையாம். ஒரு ஆள் ஒரு நாட்டையே காப்பாற்றிவிட்டார், என்ன ஒரு கதை!

#10 பழையபேப்பர்

கதை நன்றாகத்தான் இருக்கிறது. செனி மறுத்தது உண்மை. ஜப்பானை எதிர்த்த 'சுதந்திரத் தாய்லாந்து' இயக்கத்தை அங்கே கட்டியதும் உண்மை. ஆனால் போர் அறிவிப்பு சுவிட்சர்லாந்து வழியாக அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜப்பான் பிடியில் இருக்கும் நாடு எழுதிய காகிதம் என்று அமெரிக்காதான் அதை ஓரமாக வைத்தது. பெருந்தன்மை மட்டும் இல்லை, அவர்களுக்கும் அது வசதி.

இன்னொரு காகிதச் சங்கதி. அரசப் பிரதிநிதிகளில் ஒருவரான பிரீடி பனோம்யோங் அந்த அறிவிப்பில் கையெழுத்திடவில்லை, அன்று பாங்காக்கில் இல்லை. கூட்டணியை எதிர்த்தார் என்று அமைச்சரவையிலிருந்து நகர்த்தி அந்தப் பதவியில் உட்கார வைக்கப்பட்டவர் அவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே ரூத் என்ற ரகசியப் பெயரில் உள்நாட்டுத் தலைமறைவு இயக்கத்தை நடத்தினார். 1945 ஆகஸ்ட் 16, ஜப்பான் சரணடைந்த மறுநாள், போர் அறிவிப்பே செல்லாது என்று அறிவித்தவரும் அவரே.

#11 கடலோரக்கதை

அப்படியானால் பிரிட்டன் மட்டும் ஏன் மன்னிக்கவில்லை?

#12 வரைபடப்பித்தன்

பிரிட்டனிடமிருந்து மலாய் மாநிலங்களையே வாங்கிக்கொண்டார்களே, எப்படி மன்னிப்பான்? 1946 ஜனவரி 1 ஒப்பந்தத்தில் 15 லட்சம் டன் அரிசி இலவசமாகக் கொடு என்றார்கள். பிறகு அது தளர்ந்து விலைக்கு என்று மாறியது.

#13 செம்பருத்தி

ஜப்பானோடு நட்பு எப்படி இருந்தது என்பதற்குப் பணத்தைப் பாருங்கள். கூட்டணிக்கு முன் தாய்லாந்து நாணயமான பாட் 100க்கு ஜப்பான் யென் 155க்கு மேல். 1942 ஏப்ரலில் ஒன்றுக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். ஒரே கையெழுத்தில் பாட் நாணயத்தின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. அதற்கு மேல், ஜப்பானியப் படை நாட்டில் செலவு செய்யும் பாட் பணத்தையும் தாய்லாந்தே கடனாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். ஆக்கிரமிப்பின் செலவு ஆக்கிரமிக்கப்பட்டவன் தலையில்.

இந்த நேரத்தில் பிபூன் மக்களைத் தொப்பி போடச் சொல்லி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார், வெற்றிலை பாக்குக்கும் தடை. கும்பகோணத்தில் இதைச் செய்திருந்தால் ஆட்சி ஒரு வாரம் நின்றிருக்காது.

1942 டிசம்பரில் மேற்குத் தாய்லாந்தின் பான் பொங் ஊரில் நடந்ததும் இதோடு சேர்த்தி. ஜப்பானிடம் இருந்த போர்க்கைதிகளுக்குச் சிகரெட் கொடுத்த ஒரு புத்த பிக்குவை ஜப்பான் சிப்பாய் கன்னத்தில் அறைந்தான். ஜப்பான் படையில் அறைவது சாதாரணம், மேலதிகாரி கீழே உள்ளவனைத் தினமும் அறைவான். தாய்லாந்தில் தலையைத் தொடுவதே பாவம், அதிலும் துறவி. அன்று இரவே கூலியாட்களுக்கும் சிப்பாய்களுக்கும் அடிதடி, துப்பாக்கிச் சூடு, உயிர்ச் சேதம். நிலைமையைச் சமாளிக்க நகமுரா என்ற தளபதியைத் தனியாக அனுப்ப வேண்டியதாயிற்று.

#14 தோட்டத்துப்பையன்

எல்லாம் படித்தேன். நான் கெடா, சுங்கை பட்டாணிப் பக்கம். பான் பொங் என்ற பெயரைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. மரண ரயில், அதாவது ஜப்பான் பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை, தொடங்கும் இடம் அதை ஒட்டித்தான்.

வரைபடப்பித்தன் அண்ணன் "மலாய் மாநிலங்களை வாங்கிக்கொண்டார்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார். அது எங்கள் ஊர். 1909இல் சயாம் பிரிட்டிஷ்காரனுக்குக் கொடுத்த கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் 1943இல் ஜப்பான் பிரதமர் தோஜோ பாங்காக்குக்கு நேரில் வந்து பிபூனுக்குக் கொடுத்தான். அக்டோபரிலிருந்து கெடாவுக்கு சைபுரி என்று பெயர். பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்களுக்குத் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே தெரியாது.

அந்த வருஷம் நடுவில்தான் தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாத வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்), அரிசி உண்டு என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வந்து சொன்னாராம். பக்கத்துத் தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி லாரியில் ஏற்றினார்கள். சம்பளம் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு. கூட்ஸ் வண்டியில் நின்றுகொண்டே பான் பொங் வரை, அங்கிருந்து காட்டுக்குள் நடை. அத்தாப்புக் கொட்டகைக்குக் கூரை பாதிதான் இருக்கும். மழை. வாந்திபேதி வந்தபோது காலையில் ஒரு வரிசையே எழுந்திருக்காதாம். வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது அவர்களுக்குள் டாக்டர் இருந்தார், பேர் எழுதிவைக்க அதிகாரி இருந்தார். எங்கள் ஆட்களுக்கு இரண்டும் இல்லை.

415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர் 17இல் முடிந்தது. கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள், காஞ்சனாபுரியில் வரிசையாகக் கல் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பெயர். ஆசியத் தொழிலாளிகள் 90,000 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். அது மதிப்பீடு. எண்ணியவர் யாரும் இல்லை.

தாத்தா 1946இல் திரும்பி வந்தார். பாட்டி சொல்வார்கள்: "உங்க தாத்தா சயாமுக்குப் போனாரு. அவரு அங்க இருக்கறப்பவே சயாம் நம்ம ஊருக்கு வந்துருச்சு. அவரு திரும்பறதுக்குள்ள அதுவும் போயிருச்சு."

தாய்லாந்து பாதிக்கப்பட்டதா, பங்காளியா என்று நீங்கள் எல்லாம் கேட்கிறீர்கள். தாத்தா சயாம்காரர்களைத் திட்டி நான் கேட்டதில்லை. தண்டவாளத்தோரம் ஒரு கிழவி வாழை இலையில் சோறு கட்டி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாளாம். அவளுக்கும் பிபூனுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிறேன்.

#15 சும்மா_ஒருத்தன்

மேலே விளையாட்டாக எழுதியதற்கு வருத்தம். தாத்தா எந்த முகாமில் இருந்தார் என்று தெரியுமா அண்ணே?

#16 தோட்டத்துப்பையன்

பெயர் சொல்லத் தெரியவில்லை. பர்மா எல்லைக்குப் பக்கம், மூன்று கோபுரம் இருக்கிற இடத்துக்கு ஒரு நாள் நடை என்பார். மூன்று பகோடா கணவாயாகத்தான் இருக்க வேண்டும்.

#17 நடைவண்டி

இழையைத் தொடங்கும்போது இங்கே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. பிபூன் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கேட்பார்கள் என்பதால்: 1944 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தோற்றுப் பதவி போயிற்று. போருக்குப் பிறகு போர்க்குற்ற வழக்கு, 1946இல் விடுதலை. 1948இல் மறுபடியும் பிரதமர்! போர் அறிவிப்பைச் செல்லாமல் ஆக்கிய பிரீடி கடைசியில் பாரிஸில் இறந்தார், நாடு திரும்பாமலே. வாங்கிய நிலம் 1946 கடைசியில் பிரான்ஸுக்குத் திரும்பிப் போயிற்று. தூண் மட்டும் நிற்கிறது.

@தோட்டத்துப்பையன், சனிக்கிழமை தோன்புரி நிலையத்திலிருந்து காலை ரயிலில் காஞ்சனாபுரி போகிறேன். ஏதாவது பார்த்து வர வேண்டுமா?

#18 தோட்டத்துப்பையன்

கல்லறைத் தோட்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள். ஊருக்குள் வாட் தாவோர்ன் என்று ஒரு கோயில் இருக்கிறது, பெயரில்லாத தொழிலாளிகளின் எலும்பை எடுத்துச் சேர்த்துப் புதைத்த இடம். முடிந்தால் அங்கே ஒரு ஊதுவத்தி.

ரயில் நாம் தொக் வரைதான் போகும் அண்ணே. அதற்கு மேல் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள், மேலே கொஞ்சம் அணைக்குள்ளும் போய்விட்டது. தாத்தா இருந்த இடம் அந்தப் பக்கம். மழை நாள், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.